தலைகீழாய் நின்ற விலங்கும் ஒரு தலைசிறந்த நூலும்

ஒரு விலங்கைத் தலைகீழாக வரைந்து, அது போதாதென்று வால்முனையைத் தலை என்று குறித்து, அந்தப் படத்தை அறிவுலகம் பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டிருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நடந்தது அதுதான். அந்த விலங்கின் பெயர் ஹாலூசிஜீனியா. மனமயக்கத்தில் தோன்றும் உருவம் போன்றது என்னும் பொருளில் வைக்கப்பட்ட பெயர். சுமார் 50 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்தது. நீளம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். பிரிட்டிஷ் ஆய்வாளர் சைமன் கான்வே மாரிஸ் 1977ஆம் ஆண்டு இதற்கு உருவம் கொடுத்தபோது, ஏழு இணை முட்களையும் கால்களாக ஊன்றி, பொய்க்கால் கட்டிய ஆட்டக்காரனைப் போல் அது நிற்பதாகவும், முதுகின்மேல் ஒற்றை வரிசையாக மெல்லிய குழல்கள் நீண்டிருப்பதாகவும் வரைந்தார்.

1991இல் ராம்ஷோல்டு என்ற ஸ்வீடன் ஆய்வாளரும் ஹோ சியன்குவாங் என்ற சீன ஆய்வாளரும் அந்தப் படத்தைத் திருப்பிப் போட்டார்கள். முட்கள் முதுகில் இருந்த பாதுகாப்புக் கவசம். குழல்கள் என்று எண்ணியவையே கால்கள். சீனாவில் கிடைத்த இதன் உறவு விலங்குகளில் அப்படித்தான் இருந்தது. அடுத்த ஆண்டே ராம்ஷோல்டு பழைய கல்லை இன்னும் கொஞ்சம் குடைந்து பார்த்தார். ஒற்றை வரிசை என்று எண்ணப்பட்ட கால்களுக்கு இணையான மறு வரிசை கல்லுக்குள் மறைந்திருந்தது! 2015இல் இன்னொரு திருத்தம் வந்தது. தலை என்று கருதப்பட்ட உருண்டையான கறை, உடல் அழுகியபோது குடலிலிருந்து பிதுங்கிய நீர்மம். உண்மையான தலை மறுமுனையில், ஓர் இணைச் சிறு கண்களோடும் வாயைச் சுற்றிப் பற்களோடும் இருந்தது.

நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். எனக்கு இந்த விலங்கு அறிமுகமானது ஒரு நூலின் மூலம். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தொல்லுயிர் அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்டு 1989இல் எழுதிய 'ஒண்டர்புல் லைப்' என்னும் நூல் அது. அதிலிருந்த படத்தைப் பார்த்து, ஓய்வான வகுப்பு ஒன்றில் ஹாலூசிஜீனியாவைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர், "சார், அது தலைகீழாக இருக்கிறது" என்றார். அந்தப் பெண் சொன்னது சரி. அப்போது அந்தத் திருத்தம் வெளியாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அன்று மாலையே அந்த நூலை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். உலகெங்கும் லட்சக்கணக்கானோருக்குப் பழங்காலக் கடலைக் காட்டிக் கொடுத்த நூல் அது. அதன் முக்கியச் சான்றுகளில் ஒன்று தலைகீழாகிவிட்ட பிறகும் அதைப் படிக்கத்தான் வேண்டுமா? என் பதிலை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நூலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், மலை உச்சிக்கு அருகே, பர்ஜஸ் ஷேல் என்னும் களிப்பாறை அடுக்கு உள்ளது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராயிருந்த சார்லஸ் வால்காட் 1909இல் இதைக் கண்டறிந்தார். 1924க்குள் 65,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டினார். சாதாரணமாக ஓடும் எலும்பும்தான் கல்லில் நிலைக்கும். இங்கேயோ சேற்றுச் சரிவு ஒன்று கடலடி விலங்குகளை அப்படியே மூடிவிட்டதால், செவுள், குடல், மென்மையான கால்கள்கூடக் கருமையான மென்படலமாகப் பதிந்திருக்கின்றன. வால்காட் அவற்றையெல்லாம் தமக்குத் தெரிந்த புழு, இறால், சொறி ஆகிய வகைகளில் சேர்த்துப் பெயரிட்டு, பெட்டிகளில் வைத்துவிட்டார்.

அரை நூற்றாண்டு கழித்து, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹாரி விட்டிங்டன் அவற்றை மறுபடி எடுத்தார். டெரக் பிரிக்ஸ், கான்வே மாரிஸ் என்ற இரு மாணவர்கள் துணை நின்றனர். தட்டையாக நசுங்கிய அந்தப் படிவங்களில் ஆழம் உண்டு என்பதை விட்டிங்டன் உணர்ந்தார். பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற நுண்துளைக் கருவியால் அடுக்கடுக்காகச் சுரண்டினார். சாய்வாக விழும் புறஊதாக் கதிரில் படம் எடுத்தார். ஒரே விலங்கு மேலிருந்தும் பக்கவாட்டிலும் நசுங்கிய மாதிரிகளை ஒப்பிட்டார். ஓபபீனியா என்ற விலங்கை 1972இல் அவர் ஒரு கூட்டத்தில் படம் காட்டியபோது அவையே சிரித்துவிட்டதாம். ஐந்து கண்கள், யானைத் துதிக்கை போன்ற ஓர் உறுப்பு, அதன் நுனியில் இடுக்கி! சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அனோமலோகாரிஸ் கதை அதைவிடச் சுவையானது. 1892இல் ஒரு கொடுக்கு விவரிக்கப்பட்டது. தலையில்லாத இறால் என்றார்கள். வட்டமான வாய் கிடைத்தது. சொறி என்றார் வால்காட். நசுங்கிய உடல் கிடைத்தது; கடலட்டை என்றார். 1985இல் விட்டிங்டனும் பிரிக்சும் இம்மூன்றும் ஒரே விலங்கின் உறுப்புகள் என்று காட்டினார்கள். அக்காலக் கடலின் பெரிய வேட்டைவிலங்குகளில் ஒன்று அது. இதைக் கூல்டு சொல்லும் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். துப்பறியும் கதை தோற்றுவிடும்! அறிவியல் என்றால் கருவிகளும் சமன்பாடுகளும் மட்டும்தான் என்று நினைக்கும் மாணவனுக்கு, ஒரு கல்லின்முன் ஆண்டுக்கணக்கில் குனிந்திருப்பதும் அறிவியல்தான் என்று இவ்வளவு அழகாகச் சொன்ன நூல் வேறொன்றை நான் படித்ததில்லை.

நூலின் முதல் இயல் நம் பள்ளிச் சுவர்களில் தொங்கும் படத்தைத் தாக்குகிறது. மீன் கரையேறித் தவளையாகி, பல்லியாகி, குரங்காகி, கடைசியில் நிமிர்ந்து நடக்கும் மனிதனாக முடியும் ஏணிப்படம் அது. உயிரினங்களின் வரலாறு ஏணியன்று, கிளைத்துக் கிளைத்துப் பெரும்பாலும் பட்டுப்போகும் புதர் என்கிறார் கூல்டு. இதில் அவரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. இன்றுள்ள மீன் மனிதனின் பாட்டன் அன்று. நம்மைப் போலவே அத்தனை கோடி ஆண்டுகள் மாறிவந்த பங்காளி.

சண்டை அடுத்த கட்டத்தில்தான். கூல்டு இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, இனங்களின் எண்ணிக்கை. மற்றொன்று, உடலமைப்பின் வேறுபாடு. ஜவுளிக் கடையில் ஆயிரம் சேலைகள் இருக்கலாம், எல்லாம் சேலைதான். தெருமுனைப் பெட்டிக்கடையில் நாற்பது பொருள்தான் இருக்கும்; ஆனால் ஊசியும் உண்டு, வாழைப்பழமும் உண்டு. இன்றைய கடல் ஜவுளிக் கடை, கேம்பிரியன் காலக் கடல் பெட்டிக்கடை என்பது கூல்டின் வாதம். அக்காலத்தில் இன்று இருப்பவற்றைவிட மிகுதியான அடிப்படை உடலமைப்புகள் தோன்றின. ஓபபீனியாவும் ஹாலூசிஜீனியாவும் எந்தத் தொகுதியிலும் சேராத தனிப்படைப்புகள். அவற்றுள் பெரும்பாலானவை குலுக்கல் சீட்டில் தோற்றவனைப் போல் தகுதிக் குறைவு எதுவுமின்றி அழிந்தன என்கிறார். உயிர் வரலாறு என்னும் நாடாவைப் பின்னுக்குச் சுழற்றி மறுபடி ஓடவிட்டால் வேறு பாட்டுத்தான் வரும், மனிதன் வரமாட்டான் என்பது அவருடைய முடிவு. (கேசட் பார்த்திராத இளைய வாசகர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளவும்.)

இந்த வாதத்தின் அடித்தளம் அந்த விந்தை விலங்குகள் உண்மையிலேயே உறவற்றவை என்பது. அந்த அடித்தளம் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அணை நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பில் குன்றுகளின் தலைகள் மட்டும் தெரியும். ஒவ்வொன்றும் தனித்தீவு என்று தோன்றும. கோடையில் நீர் இறங்கினால், இரண்டு தலைகளுக்கு நடுவே ஒரே சரிவு ஓடுவது தெரியவரும். கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள் என்று நாம் பிரிக்கும் தொகுதிகள் அந்தத் தலைகளைப் போன்றவை. இடைப்பட்டவை அழிந்துபோனதால்தான் அவற்றுக்கிடையே இவ்வளவு இடைவெளி தெரிகிறது. பர்ஜஸ் ஷேல் விலங்குகள் அந்த மூழ்கிய சரிவைச் சேர்ந்தவை.

ஹாலூசிஜீனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். விலங்கியல் மாணவர்களுக்குப் பெரிபேட்டஸ் தெரிந்திருக்கும். ஈரமான காடுகளில் மட்கிய இலைகளுக்கு அடியில் வாழும், மென்மையான கட்டைக் கால்களுடைய புழு போன்ற உயிர். அதன் உறவினம் ஒன்று இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் 1911–12ஆம் ஆண்டுப் பயணத்தின்போது கண்டெடுக்கப்பட்டது. பெரிபேட்டஸின் கால்நகமும் தாடையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்திய அடுக்குகளால் ஆனவை. ஹாலூசிஜீனியாவின் நகமும் அப்படியே என்று 2014இல் காட்டப்பட்டது. உறவற்ற விந்தை உறவினனாகிவிட்டது! இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று வாழும் விலங்குத் தொகுதிகளில் முழுக்க நிலத்தில் மட்டுமே வாழ்வது இந்தப் பெரிபேட்டஸ் தொகுதி ஒன்றுதான். அதன் பழைய உறவினரோ கடலடியில் நடந்தவர்கள்.

ஓபபீனியாவும் அனோமலோகாரிசும் கணுக்காலிகளுக்குப் போகும் சரிவில் நிற்கின்றன. மென்கால் புழு போன்ற உடல், பின் பக்கவாட்டில் துடுப்பு மடல்கள், பின் கணுக்கள் உள்ள கொடுக்கு, கூட்டுக்கண், கடைசியில் உடலெங்கும் கவசமும் கணுக்கால்களும். இறாலும் நண்டும் பூச்சியும் ஒரே நாளில் உருவாகவில்லை. உறுப்பு உறுப்பாகச் சேர்ந்தன என்பதை இவை காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கிடைத்த அனோமலோகாரிஸ் கண் ஒன்றில் குறைந்தது 16,000 வில்லைகள் இருந்ததாக 2011இல் அறிவித்தார்கள். இன்றைய தும்பியின் கண்ணோடு ஒப்பிடத்தக்கது. இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த பாட்டன், தந்தை, மகன் அல்ல. ஒரே மரத்தில் அடுத்தடுத்துப் பிரிந்த கிளைகள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எண்ணிக்கையாலும் கூல்டின் கூற்று சோதிக்கப்பட்டது. சோதித்தவர்களில் ஒருவர் அவருடைய நூலின் நாயகர்களில் ஒருவரான பிரிக்ஸ்தான். 1992இல் அவரும் இரு தோழர்களும் கேம்பிரியன் கணுக்காலிகளின் உடற்பண்புகளையும் இன்றைய கணுக்காலிகளின் உடற்பண்புகளையும் அட்டவணையிட்டு ஒப்பிட்டனர். பழையவற்றின் வேறுபாடு இன்றையதைவிட மிகுதியாக இல்லை. பெட்டிக்கடையும் ஜவுளிக்கடையும் ஏறத்தாழச் சமம்! கூல்டுக்கு ஆதரவாக வேறொரு தொகுதி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அடங்கிய முட்தோலிகளில் இன்று ஐந்து வகுப்புகளே உள்ளன. பழங்காலத்தில் இருபது அளவில் இருந்தன. அவர் அதை விரித்து எழுதியிருந்தால் வாதம் இன்னும் உறுதியாக இருந்திருக்கும்.

வால்காட்டுக்கும் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். புதியவற்றைப் பழைய பெட்டிகளில் திணித்தவர் என்று கூல்டு அவரை நீண்ட இயல் ஒன்றில் கடிந்துகொள்கிறார். நிர்வாக வேலை மிகுதி, பழமைப் பற்று என்று காரணமும் காட்டுகிறார். வால்காட் திணித்தது உண்மை. ஆனால் ஓபபீனியாவை அவர் கணுக்காலிகளின் பக்கம் வைத்தது, அதை உறவற்ற தனிப்படைப்பு என்று சொன்னதைவிட இன்றைய கருத்துக்கு நெருக்கமானது. ஓய்வில்லாத ஒரு நிர்வாகியைப் பார்த்து ஆசிரியர் இத்தனை பக்கங்கள் முகம் சுளித்திருக்க வேண்டியதில்லை.

நூல் பிக்காயா என்ற ஐந்து சென்டிமீட்டர் விலங்கோடு முடிகிறது. ஆம்பியாக்சஸ் போல முதுகுநாண் உடையது. இது பிழைத்திராவிட்டால் நாம் இல்லை என்று கூல்டு உணர்ச்சியோடு முடிப்பார். படிக்கும்போது மெய்சிலிர்க்கும். ஆனால் சீனாவின் யுன்னான் மாநிலத்தில், பர்ஜஸ் ஷேலைவிட ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு பழைய செங்ஜியாங் பாறைகளில், உண்மையான மீன்களே இருந்தன என்று 1999இல் தெரியவந்தது. பிக்காயா நீந்திய நாளில் நம் கிளை ஏற்கெனவே பிரிந்து போயிருந்தது. போதாக்குறைக்கு, 2024இல் வெளியான ஆய்வு ஒன்று பிக்காயாவும் இதுவரை தலைகீழாகவே வரையப்பட்டு வந்தது என்று வாதிடுகிறது. பர்ஜஸ் ஷேல் விலங்குகளுக்கு இது ஏதோ தலைவிதி போலும்!

இனி என் பாடத்துக்கு வருகிறேன். நாடாவை மறுபடி ஓடவிடுவது என்றால் என்ன? தொடக்க நிலையை அணு பிசகாமல் அப்படியே வைத்து ஓடவிடுவதா, சிறிது மாற்றி ஓடவிடுவதா? கூல்டு ஓரிடத்தில் அதே நிலையிலிருந்து தொடங்கினாலும் முடிவு மாறும் என்பது போல எழுதுகிறார்; வேறோரிடத்தில் தொடக்கத்தைச் சற்றே மாற்றினால் முடிவு மாறும் என்கிறார். முதலாவது, இயற்கையில் காரணமற்ற தற்செயல் உண்டு என்னும் கூற்று. இரண்டாவது, ஊசலின்கீழ் இன்னோர் ஊசலைத் தொங்கவிட்டு ஆய்வுக்கூடத்தில் யாரும் செய்து பார்க்கக்கூடிய விஷயம். விதி மாறுவதில்லை, மயிரிழை வேறுபாடு பெருகிவிடுகிறது. இரண்டையும் குழப்பியது நூலின் பெருங்குறை என்பேன். முதலாண்டு மாணவன் விடைத்தாளில் இப்படி எழுதினால் மதிப்பெண் குறைப்போம் அல்லவா?

கூல்டுக்கு மறுப்பு எழுதியவர், தலைகீழ்ப் படத்தை வரைந்த அதே கான்வே மாரிஸ். தம்மை நாயகனாக்கிய நூலை 1998இல் தமது நூலில் கடுமையாகத் தாக்கினார். நாடாவை எத்தனை முறை ஓடவிட்டாலும் ஏறத்தாழ அதே பாட்டுத்தான் வரும், ஏனென்றால் இயற்பியல் விதிகள் சில வழிகளையே திறந்து வைத்திருக்கின்றன என்பது அவர் கட்சி. இயற்பியல் ஆசிரியனாகிய நான் துள்ளிக் குதித்து இதை ஆதரிக்க வேண்டும்தான். கடல் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகமாக நீந்த வேண்டுமானால், முன்பக்கம் பருத்துப் பின்பக்கம் மெலிந்த உடலும் பிறை போன்ற வாலும் வேண்டும். சுறாவுக்கு அது உண்டு, சூரை மீனுக்கு உண்டு, டால்பினுக்கு உண்டு. 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவற்றுக்கும் இருந்தது. (பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியில் அதன் பற்கள் கிடைத்துள்ளன.) விதி வென்றது என்று தோன்றும். வாலை உற்றுப் பாருங்கள். இக்தியோசாரின் வால் மீனின் வாலைப் போலச் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் ஆடியது. டால்பினின் வால் படுக்கைவாட்டில் கிடந்து மேலும் கீழும் அடிக்கிறது. டால்பினின் முன்னோர் தரையில் நான்கு காலில் ஓடிய பாலூட்டிகள்; அவற்றின் முதுகெலும்பு மேலும் கீழும் வளையும். வடிவத்தை நீர் தீர்மானித்தது. ஆட்டத்தின் திசையை முன்னோரின் ஓட்டம் தீர்மானித்தது.

கண்ணும் அப்படியே. நீருக்குள் விழிவெண்படலம் ஒளியை அதிகம் விலக்குவதில்லை. இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே ஒளிவிலகல் எண் என்பதால் வேலை முழுவதும் வில்லையின்மேல் விழுகிறது. ஆகவே அது உருண்டையாக வேண்டும். குழம்பில் வெந்த மீனின் கண்ணிலிருந்து உருண்டு விழும் வெண்மணி அந்த வில்லைதான். உருண்டை வில்லையில் பிம்பம் மங்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். மீன் அதை எப்படிச் சரிசெய்கிறது? வில்லையின் மையத்தில் ஒளிவிலகல் எண் மிகுதி, ஓரத்துக்குப் போகப் போகக் குறைவு. மீனுக்கு எவ்வகையிலும் நெருங்கிய உறவில்லாத கணவாயும் இதே தீர்வைக் கண்டிருக்கிறது. இருவரிடமும் குவியத் தொலைவு வில்லையின் ஆரத்தைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆனால் மீனுக்கும் நமக்கும் நரம்பிழைகள் விழித்திரைக்கு முன்னால் ஓடி, ஒரு புள்ளியில் துளைத்து வெளியேறுகின்றன. அங்கே குருட்டுப் புள்ளி. கணவாய்க்கு நரம்புகள் பின்பக்கமாகவே ஓடுகின்றன. குருட்டுப் புள்ளியே இல்லை. ஒளியியல் இருவருக்கும் ஒன்று. வம்ச வரலாறு வேறு.

ஆகவே இரு ஆசிரியர்களும் பாதி சொல்கிறார்கள் என்பது என் கருத்து. கூல்டு தேடிய குலுக்கல் சீட்டு உண்மையில் உண்டு. அதைத் தேட வேண்டிய இடம் பர்ஜஸ் ஷேல் அன்று, பேரழிவுகள். அதற்கு நாம் கனடாவுக்குப் போகவே வேண்டாம். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கிரெட்டேசியக் காலத்தில் கடலாக இருந்தது. அங்குள்ள பாறைகளில் அம்மோனைட் என்னும் சுருள் ஓடுகள் ஏராளம். அவற்றோடு நாட்டிலஸ் வகையின் ஓடுகளும் கிடைக்கின்றன. 1860களிலேயே பிளான்போர்டும் ஸ்டோலிச்காவும் இவ்விரண்டையும் பெயரிட்டு விவரித்து நூல்கள் வெளியிட்டனர். இரண்டும் கணவாயின் உறவினர். இரண்டும் அறை அறையாகப் பிரிந்த ஓட்டுக்குள் வாழ்ந்தவை. இனங்களின் எண்ணிக்கையில் அம்மோனைட் எங்கோ உயரத்தில் இருந்தது.

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிகோவில் விண்கல் விழுந்தது. வானம் இருண்டு, கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உணவுச் சங்கிலி அறுந்தது. அம்மோனைட்டின் குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவில் பொரிந்து மேற்பரப்பில் மிதந்து வாழ்ந்தது. நாட்டிலஸ் குஞ்சோ பெரிய முட்டையிலிருந்து, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஓட்டோடு வெளிவருகிறது, மேற்பரப்பை நம்பியிருப்பதில்லை. ஒன்று முற்றாக அழிந்ததற்கும் மற்றது பிழைத்ததற்கும் இதுவே காரணம் என்று பலரும் கருதுகின்றனர். முந்தைய 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாக, சிறு முட்டைகளை ஏராளமாக இடுவது அம்மோனைட்டின் பலமாக இருந்தது. அந்த ஒரு நாளில் அதுவே பலவீனமாயிற்று. இது காரணமற்ற தற்செயல் அன்று. தகுதிக்குப் பரிசும் அன்று. நாடா உவமை தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

நூலை வாங்கலாமா என்று கேட்பீர்கள். கல்லூரி நூலகத்தில் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். ஆங்கிலம் சற்று நீளமான வாக்கியங்கள் கொண்டது. கிரிக்கெட்டுக்குப் பதிலாகப் பேஸ்பால் உவமைகள் வேறு வந்து தொல்லை தரும். மூன்றாவது இயலை முழுதும் படியுங்கள். விட்டிங்டனின் உழைப்பு அங்கேதான் இருக்கிறது. நான்காவதை வேகமாகப் புரட்டலாம். ஐந்தாவதைப் படிக்கும்போது 1999, 2015, 2024 ஆகிய ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாரியான் காலின்ஸ் வரைந்த படங்கள் மிக அழகானவை. எங்கள் நூலகப் பிரதியில் ஹாலூசிஜீனியா படத்தின் ஓரத்தில், புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி, பென்சிலால் ஒரு வளைந்த அம்பு போட்டிருக்கிறேன். நூலகர் இன்னும் கவனிக்கவில்லை.